கை தூக்கியவன்

ஆறடி நான்கு அங்குலம். எடை மட்டும் அதற்கேற்ற மாதிரி ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த 'ஒட்டடைக்குச்சி' என்ற பெயர், ஆள் வளர வளரச் சுருங்கிக்கொண்டே வந்து 'குச்சி' என்று நின்றுவிட்டது. கிளப் பதிவேட்டில் அவனுக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

வயது இருபத்திரண்டு. தொழில், கால்பந்து. இரண்டாம் பிரிவில் இருக்கும் ஒரு சின்ன கிளப்பில் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காவல் காப்பவன். நன்றி கெட்ட வேலை. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் விழாமல் தொண்ணூறு நிமிடம் பார்த்துக்கொண்டவனிடம் "நல்லா ஆடினேப்பா" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்திய இடத்தைத் தேடிப் போய்விடுவார்கள். ஆனால் ஒன்று விழட்டும், அரங்கமே திரும்பி அவனைத்தான் பார்க்கும்.

இந்த வேலைக்கு என்று அவன் வரவும் இல்லை. பதினான்கு வயதில் இளையோர் அணித் தேர்வுக்குப் போனபோது, உயரம் இருக்கிறதே என்று கீப்பர்கள் வரிசையில் போய் நின்றான். கையில் கொடுத்த பந்தை எல்லாம் கீழே விட்டான். நல்லவேளையாக, தலைக்கு வந்த ஒரு பந்தைப் பிடிப்பதற்குப் பதிலாக முட்டித் தள்ளினான். அது மைதானத்தின் பாதிக்குப் போய் விழுந்தது. தேர்வாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அவனைப் பக்கத்து வரிசைக்கு மாற்றிவிட்டார். கைக்கு வராதது தலைக்கு வந்தது என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள்.

அக்காதான் அவனுக்கு எல்லாம். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார். அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, இவனைப் படிக்கவைத்து, பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, கல்யாணம் பேச வந்தவர்களிடம் எல்லாம் "தம்பி என்கூடத்தான் இருப்பான்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி, அதற்குச் சரி என்று தலையாட்டிய ஒரே ஆளைக் கட்டிக்கொண்டாள். அவர் அதே கிளப்பில் லெஃப்ட் பேக். இடது ஓரத்துக் காவல்.

பத்தொன்பது வயதில் குச்சி முதல் அணிக்கு வந்த அன்று, பழக்க தோஷத்தில் ஆட்டத்தின் நடுவே "மாமா, பின்னாடி ஆள்" என்று கத்திவிட்டான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கீப்பர், பஸ் ஓட்டுகிறவர், புல் வெட்டுகிறவர் எல்லோருக்கும் அவர் மாமா. கோச் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் "என்ன மாமா, முட்டி எப்படி இருக்கு" என்றுதான் கேட்பார். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "ஊர் முழுக்கப் பொண்ணு எடுத்தவன் நான்தான்" என்று சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்டுவார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இவர்கள் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடைசிக் காவலில் நான்கு பேர், மைதானத்தின் குறுக்கே ஒரே கோட்டில் நிற்பார்கள். பந்து உதைக்கப்படும் நொடியில் எதிரணிக்காரன் இந்த நால்வரையும் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. அவன் போடும் கோல் செல்லாது. அதனால் சமயம் பார்த்து நால்வரும் ஒன்றாக முன்னால் ஓடி, அவனைப் பின்னால் அநாதையாக விட்டுவிடுவார்கள். நால்வரில் ஒருத்தன் ஓரடி பின்தங்கினாலும் கதை கந்தல். அந்த ஒருத்தன் புண்ணியத்தில் எதிராளி சட்டப்படி நிற்பவனாகிவிடுவான். எப்போது ஓடுவது என்று ஒருவர்தான் குரல் கொடுக்கவேண்டும். இந்த அணியில் அது குச்சி. "ஏறு" என்று அவன் கத்தினால் மற்ற மூவரும் கேள்வி கேட்காமல் ஏறிவிடுவார்கள். கத்துகிறவன்தான் முதலில் ஏறவேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. தோற்காமல் இருந்தால் போதும், கிளப் முதல் பிரிவுக்குப் போய்விடும். பெரிய கிளப் ஒன்றிலிருந்து குச்சியைப் பார்க்க ஆள் வருவதாகவும் செய்தி வந்திருந்தது. மாமாவுக்கும் அது முக்கியமான ஆட்டம். முப்பத்து மூன்று வயது. இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்கிறோம் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார்கள்; கையெழுத்து ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில், ஒரு பந்துக்குத் திரும்பும்போது, குச்சியின் இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தமாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. புரிந்துவிட்டது. புரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், சுற்றுமுற்றும் பார்த்து, யாராவது கவனித்தார்களா என்று தேடியது.

யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை, காயங்களைக் கவனிக்கும் பிசியோவிடம், ஒவ்வொருவரும் வலி எவ்வளவு என்று ஒரு தாளில் எண் போடவேண்டும். சைபர் என்று எழுதினான். கையைப் பிடித்து எழுதவைத்தமாதிரி எண் கோணலாக வந்தது. கால்கட்டுத் துணியை அக்காவின் மருந்துக்கடையில் வாங்க முடியாது என்பதால், நான்கு தெரு தள்ளி, அவளுக்குப் போட்டிக்கடையாக இருப்பவரிடம் போய் வாங்கினான். மூன்று நாளும் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கட்டினான். வெள்ளிக்கிழமை மாடிப்படி இறங்கும்போது மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலுக்கு என்னடா?"

"தூங்கும்போது பிடிச்சுக்கிச்சு மாமா."

"பிசியோகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

இரண்டு வாக்கியம், இரண்டும் பொய்.

சனிக்கிழமை ஆட்டத்தில் எழுபத்தெட்டு நிமிடம் வரை அவன் கால் அவன் பேச்சைக் கேட்டது. இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது உயரே வந்த ஒரு பந்தைக் குச்சி தலையால் நடு மைதானம்வரை தள்ளிவிட்டான். வழக்கம்போலத் தொண்டை கிழிய "ஏறு" என்று கத்தினான். மூவரும் ஏறினார்கள். அவன் கால் ஏறவில்லை. கெண்டைக்கால் மரக்கட்டையாகி, இரண்டடி வைப்பதற்குள் நின்றுவிட்டது. அதற்குள் பந்து அவர்கள் தலைக்கு மேல் திரும்பி வந்தது. இடது பக்க இடைவெளியில், குச்சிக்குச் சரிசமமாக நின்றுகொண்டிருந்த எதிரணி ஸ்ட்ரைக்கர், கோல் போடுகிறவன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

குச்சி கையைத் தூக்கினான். ஆஃப்சைடு கேட்டுக் கை தூக்குவது இந்தத் தொழிலில் கொட்டாவி மாதிரி, தானாக வருவது. அதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை. தூக்க என்ன இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் இருந்தது. பந்து வலைக்குள் போனது. அதற்கப்புறம் அவன் செய்தது தானாக வந்ததல்ல. தூக்கிய கையை இறக்கி, இரண்டு கையையும் விரித்து, இடது பக்கம் திரும்பி, கோலை நோக்கிப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்தான். என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க என்று கேட்கிற பார்வை. அரங்கத்தில் பதினோராயிரம் பேர் அவன் கை காட்டிய திசையில் திரும்பினார்கள். விசில் சத்தம் தொடங்கியது.

மாமா நின்று அவனைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து நடு மைதானத்துக்கு உதைத்தார்.

ஒன்றுக்குச் சைபர். முதல் பிரிவு போயிற்று.

அந்த நொடியில் யார் பின்னால் நின்றது என்று காட்ட எந்தப் படமும் இல்லை. தொலைக்காட்சிக் காமிரா பந்து வைத்திருந்தவனையே காட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பும்போது எல்லோரும் கலைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கிளப்பின் சொந்தக் காமிரா ஒன்று விளக்குக் கம்பத்தில் உண்டு. அதன் பேட்டரி இடைவேளையிலேயே தீர்ந்துபோயிருந்தது. வலது பக்கத்து இருவரும் முன்னால் ஓடிவிட்டவர்கள், முதுகில் கண் இல்லாதவர்கள். கீப்பருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவரோ, கோல் தன் கணக்கில் விழாதவரை எதைப்பற்றியும் கவலைப்படாத ஜாதி. "நான் பந்தைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அணி முழுதும் கூட்ட அறையில் உட்கார்ந்தது. கோச் திரையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யாரு தங்கினது? திட்டறதுக்குக் கேட்கலை. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

மாமா முதல் வரிசையில் இருந்தார். தலையை மட்டும் திருப்பிக் குச்சியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, வெறுமனே காத்திருந்தார். இப்போது வாயைத் திறந்தால் போதும். 'நான்தான்' என்பது என்ன பெரிய வார்த்தையா. பெரிய கிளப்பிலிருந்து வந்தவர் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். சொன்னால் கால் விஷயம் வரும், தாளில் எழுதிய சைபர் வரும், ஒவ்வொன்றாக எல்லாம் வரும். அவன் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"நான்தான் கோச்," என்றார் மாமா. "லேட்டாயிட்டேன்."

"பரவாயில்ல மாமா. வயசாகுதுல்ல," என்றார் கோச். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குச்சி லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான். ஆறடி நான்கு அங்குலத்தையும் மடித்து அந்த ஷூவுக்குள் வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொண்டிருப்பான்.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். அந்த வீட்டில் சமையலறையிலிருந்தே மாடிப்படி ஏறும். நடுவே கதவு கிடையாது. கீழே ஸ்பூன் விழுந்தாலும் மேலே குச்சியின் கட்டிலுக்குக் கேட்கும். அக்காவுக்கு ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாது. செய்தியில் சொன்னது தெரியும், அரங்கத்தில் விசில் அடித்தது தெரியும், தம்பி கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பத்து தடவை திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அது தெரியும்.

"என் தம்பியைப் பார்க்க அவ்வளவு பெரிய இடத்துல இருந்து வந்திருக்காங்க. அன்னைக்குப் பார்த்துதானா உங்களுக்குக் கால் ஓடலை?"

"விடும்மா."

"முடியலைன்னா உட்கார்ந்துக்க வேண்டியதுதானே. ஏன் அவன் பக்கத்துல நின்னு அவன் பேரையும் கெடுக்கிறீங்க?"

மாமா தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. மேலே குச்சி தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். தலையணைக்கு அந்த அளவுக்குச் சக்தி இல்லை. இறங்கிப் போய் இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். பதினான்கு படிகள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நாளை என்பது எவ்வளவு வசதியான நாள் என்று அவன் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டான்.

முடிதிருத்தும் கடையிலும் இதே கதை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருவரும். கடைக்காரர் கத்திரியை மாமாவின் காதருகில் வைத்துக்கொண்டு, "மாமா, முடிஞ்சதும் உடனே எழுந்திருப்பீங்களா, இல்லை எல்லாரும் போனப்புறமா?" என்றார். கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். கண்ணாடியில் குச்சி தன் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது; கழுத்தில் துணி கட்டியிருந்தால் வேறு எங்கே திரும்புவது. அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் சிரித்திருக்கிறான்.

வியாழக்கிழமை ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனான். வெள்ளிக்கிழமை யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவாகிறது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தான். 'கோச், அன்னைக்குத் தங்கினது நான்.' நான்கு வார்த்தை. கதவைத் தட்டினான்.

"வாப்பா. என்ன விஷயம்?"

கோச் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"கோச்... பூட்ஸ் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

கோச் அலமாரியைத் திறந்து, அவன் அளவுக்குப் புது ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கா இவ்வளவு தயக்கம்," என்று முதுகில் தட்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவன் புது பூட்ஸோடு வெளியே வந்தான். இந்த ஜென்மத்தில் இதைவிடக் கேவலமாக ஒரு காரியம் செய்யமுடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மறுநாள் பட்டியலில் மாமாவின் பெயர் இல்லை.

மாமா ஒரு வாரம் வீட்டில் சும்மா இருந்தார். பிறகு மரச்சாமான் கிடங்கு ஒன்றில் சேர்ந்தார். அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் பாகம் பாகமாகக் கொண்டுபோய், வாங்கியவர் வீட்டிலேயே பொருத்திக் கொடுக்கிற வேலை. பதினைந்து வருடம் ஓடின கால் இப்போது மூன்று மாடி, நான்கு மாடி என்று ஏறி இறங்கியது. கையெல்லாம் கீறல். முதல் நாள் ஒரு அலமாரியைப் பொருத்தி முடித்தபோது கையில் ஆறு ஆணி மிஞ்சியதாம். "அலமாரி நிக்குது, ஆணியும் மிச்சம், லாபம்தானே" என்று சொன்னார். குச்சி சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "அங்கேயாவது சரியான நேரத்துக்குப் போங்க," என்றாள். மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவன் எதிரில் உட்கார்ந்து, அக்கா போட்ட முட்டையை, மாமாவின் தட்டில் இருந்ததைவிட ஒன்று அதிகமாகப் போட்டதை, தின்றான்.

அந்த ஒன்றரை மாதமும் அப்படித்தான் போனது. வெளியே பார்த்தால் அவனுக்கு நல்ல காலம். பெரிய கிளப் கேட்டு எழுதிவிட்டது. தெருவில் கைகுலுக்கினார்கள். அக்கா மருந்துக்கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். அவனுக்கு ஒவ்வொரு கைகுலுக்கலும் யாரோ ஒருவர் பாக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரி கூசியது. மாமா மட்டும், "மருத்துவப் பரிசோதனை இருக்கும், கால் சரியாயிடுச்சா?" என்று ஒருநாள் படியில் வைத்துக் கேட்டார். எந்தக் கால் என்று அவர் சொல்லவில்லை. சரியாயிடுச்சு மாமா என்று சொல்லிவிட்டு அவன் வேகமாக ஏறிப் போனான். அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்கே அவனுக்கு உறுதியாகிவிட்டது. தெரிந்தும் சும்மா இருக்கிறாரே என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது பாருங்கள், அதை நினைத்து அவன் பிற்பாடு பலநாள் வெட்கப்பட்டிருக்கிறான்.

பெரிய கிளப்பின் மருத்துவ அறை வெள்ளை வெளேரென்று இருந்தது. டாக்டர் அம்மா அவன் கெண்டைக்காலில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தித் திரையைப் பார்த்தார்.

"இங்க கிழிஞ்சு ஆறியிருக்கு. கடைசி மேட்ச்லயா?"

ஆமாம் என்றால் போதும். ஆட்டத்தில் பட்ட அடி, கௌரவமான காயம். அவரே பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்ல டாக்டர். அதுக்கு நாலு நாள் முன்னாடி."

எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. டாக்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "சொல்லாம ஆடினீங்களாக்கும்," என்று எழுதிக்கொண்டார். "எல்லாரும் செய்றதுதான்." இவ்வளவுதானா என்று இருந்தது.

அது முடிந்து அடுத்த அறையில் வீடியோ ஆய்வாளர் காத்திருந்தார். சின்ன வயதுக்காரர், பெரிய திரை. அவர்கள் ஆள் அன்று அரங்கத்தின் மேல்தட்டில் உட்கார்ந்து தானே படம் எடுத்திருந்தார். எழுபத்தெட்டாவது நிமிடத்துக்கு ஓட்டினார். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் கோடு போட்டமாதிரி தெரிந்தது. மூன்று பேர் ஒரே வரிசையில் முன்னால். பின்னால் நீளமாக ஒருத்தன்.

"நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்கதான் ஏறலை. கால்னு அப்பவே எழுதிட்டோம். அது பிரச்சினை இல்லை," என்றார் ஆய்வாளர். படத்தை இன்னும் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, புன்னகைத்தார். "இதான் எங்களுக்குப் பிடிச்சுது. கையை விரிச்சு லெஃப்ட் பேக்கைப் பார்த்தீங்க பாருங்க. அரங்கமே நம்பிடுச்சு. டிஃபென்டருக்கு இந்தச் சாமர்த்தியம் வேணும். சொல்லிக் கொடுத்து வராது."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது குச்சிக்கு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பாராட்டிவிட்டார்கள். தான் செய்ததிலேயே அசிங்கமான காரியம் ஒன்று உண்டென்றால், அதைப் பார்த்துத்தான் அவனை எடுத்திருக்கிறார்கள். அவன் மெதுவாகக் கேட்டான்:

"இதை எனக்கு அனுப்ப முடியுமா?"

"தாராளமா."

வண்டியில் திரும்பும்போதே அதைக் கோச்சுக்கு அனுப்பினான். கூடவே, தங்கினது நான், மாமா இல்லை என்று எழுதினான். ஒன்றரை மாதமாக வராத வார்த்தைகள் கட்டைவிரலில் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. கோச் உடனே கூப்பிட்டார்.

"இப்ப அனுப்பி என்னப்பா பண்றது? லெஃப்டுக்கு ஆள் எடுத்தாச்சு. கையெழுத்தும் ஆயிடுச்சு."

"தெரியும் கோச்."

"மாமாவை அனுப்ப எங்களுக்கு மனசே இல்லை. அந்த ஒரு கோலைத்தான் மேல இருக்கறவங்க காரணமாக் காட்டினாங்க." பிறகு கேட்டார்: "அன்னைக்கு என் ரூமுக்கு வந்தியே. இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா கோச்."

கோச் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தது. தம்பி பெரிய இடத்துக்குப் போகிறான் என்று அக்கா நாலு வகை சமைத்திருந்தாள். குச்சி ஒரு வாய் வைத்தான், இறங்கவில்லை. போனை எடுத்து மேசையின் நடுவில் வைத்தான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாரு."

மாமா திரையை எட்டிப் பார்த்தார். என்ன என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "சாப்பிடும்போது எதுக்குடா. எடு அதை," என்றார்.

"இல்ல மாமா. பார்க்கட்டும்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை.

"பொட்டுப் பொட்டாத் தெரியுது. யாரு யாரு இதுல?"

அவன் எழுந்துபோய், அவள் தோளுக்குப் பின்னால் நின்று விரலை வைத்துக் காட்டவேண்டியிருந்தது.

"இது மாமா. இது நான்."

"இவரு முன்னாடி இருக்காரே."

"ஆமா."

"நீதானே பின்னாடி நிக்கிறே."

"ஆமா. கால்ல அடிபட்டிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. என்னாலதான் கோல் விழுந்துச்சு."

அக்கா படத்தை மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை கடைசிவரை பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு இவரைப் பார்த்துக் கையை விரிச்சே?"

எத்தனையோ நாள் எத்தனையோ விதமாக இந்தப் பேச்சை மனதில் நடத்திப் பார்த்திருக்கிறான். இந்தக் கேள்வி மட்டும் அதில் வரவே இல்லை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லலை?"

மாமா கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "அவன் சொல்லுவான்னு பார்த்தேன். சொல்லலை. எனக்கும் கோபம்தான், ரெண்டு அறை விடலாமான்னு இருந்துச்சு. இவ்வளவு பெரிய இடம் அவனைத் தேடி வருது, நான் காட்டிக் கொடுத்து அது போயிடக் கூடாதேன்னும் இருந்துச்சு. சரி நாளைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு..." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுலயாவது சொல்லியிருக்கலாம். ஆனா அவன் தப்புன்னு நான் சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"நான் தினம் இவரைப் பேசினதெல்லாம்," என்று தொடங்கினாள், தம்பியைப் பார்த்து, "மேல உனக்குக் கேட்குமா?"

"கேட்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒருநாள் சொன்னேனே... உன்னை வச்சுக்கறேன்னு சொன்னதுக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன், அதுக்குக்கூட இவரு லாயக்கில்லைன்னு. அதுவுமா?"

"அதுவும் கேட்டுச்சு அக்கா."

"கேட்டுட்டு அங்கேயேதான் படுத்திருந்தியா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம், சின்ன வயதில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள், அடித்துவிட்டு அரைமணியில் கூப்பிட்டுச் சோறு போடுவாள். அவள் அடிக்கவில்லை. போனை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். எழுந்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றிப்போய் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கீறல் விழுந்த அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீ சாப்பிடு," என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மருந்தை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லும்போது அவளுக்கு இருக்கிற குரல் அது. "சாப்பிட்டுட்டு மேல போய் உன் சாமானை எல்லாம் எடுத்து வை. நாளைக்குப் போகணும்ல."

நாளைக்கல்ல, அவன் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். அவன் திருத்தவில்லை.